கையெழுத்துப் போட ஆள் இல்லாத வேலை

(மயிலாப்பூரில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வளரும் நாட்டில் வேலைவாய்ப்பு" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தத் தலைப்புக்குக் கரும்பலகையில் எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன். இன்று அவற்றை விட்டுவிட்டு, மந்தைவெளியில் எங்கள் தெருவில் வீட்டு வேலை பார்க்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம்.

அவருக்கு நான்கு வீட்டில் வேலை. டாக்டர் வீடு, மூணாவது மாடி, டீச்சரம்மா வீடு, பாட்டி வீடு. வீடுகளை அவர் இப்படித்தான் சொல்லுவார். டீச்சரம்மா வீடு என்னுடையது. பாட்டி வீட்டில் பதினெட்டு வருஷமாக வேலை. கடைசி மூன்று வருஷம் பாத்திரம், பெருக்கித் துடைப்பது என்பதோடு நிற்கவில்லை. பாட்டியைக் குளிப்பாட்டுவது, தலை வாரிவிடுவது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவரே. போன வருஷம் பாட்டி காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். பதிமூன்று நாளும் வந்துபோனவர்களுக்குக் காபி டம்ளர் கழுவியவர் இந்த அம்மாதான். பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து, பெரிய அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, மூத்த மகன் ஒரு புடவையும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்தார். நல்ல பிள்ளைகள். மறுநாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

அவர் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அன்றோடு நின்றுபோயிற்று. உனக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை. ஒரு வாரம் கழித்து என் வீட்டுச் சமையலறையில் குழாயடியில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "வேலை போச்சுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது டீச்சரம்மா? பாட்டி இருந்தா பாட்டிகிட்டயே சொல்லியிருப்பேன்."

நான் படித்த பாடப் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

அந்த வாரம் புள்ளிவிவரத் துறை அலுவலர் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். நம் நாட்டில் 2017-லிருந்து காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடக்கிறது. வார அளவுகோலில் அதன் கேள்வி இது: கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா? பார்த்தேன் என்றால் நீங்கள் வேலையில் இருப்பவர். பாட்டி வீடு போனாலும் மற்ற மூன்று வீடு இருக்கிறதே! ஆகவே கணக்குப்படி அவருக்கு எதுவும் நடக்கவில்லை. ஓராண்டை வைத்துப் பார்க்கும் அளவுகோலில் 2023-24-ல் இந்தியாவின் வேலையின்மை 3.2 விழுக்காடு. பணக்கார நாடுகள் பலவற்றைவிட இது குறைவு. ஏன் குறைவு? வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கக் கையில் காசு வேண்டும், அல்லது தாங்கிப் பிடிக்க ஒரு குடும்பம் வேண்டும். இரண்டும் இல்லாதவர் அடுத்த நாளே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் வேலையின்மை நம் நாட்டில் படித்த இளைஞர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு அது 10.2 விழுக்காடு. வேலை தேடிக் காத்திருக்க அப்பா அம்மா சோறு போடுகிறார்கள்.

ஆகவே வேலை இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் நம் ஊரைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வேலைக்குப் பொறுப்பு யார் என்று கேட்க வேண்டும். கால் வலித்தால், கை உடைந்தால், வயதாகிவிட்டால், வேலை போய்விட்டால் யாரிடம் போய் நிற்பது? இதை மட்டும் வைத்துக்கொண்டு தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு என்று நாம் தினமும் நடக்கிற தெருக்களைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் இந்த ஊருக்குத் தெளிவான விடை தெரிந்திருந்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளிக்குத் தன் முதலாளி பின்னி கம்பெனி என்று தெரியும். பெரம்பூரில் வணிகர்களாக இருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுவிட்டு, அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா நாளிதழ் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்தவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்றைய முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. சோறு தின்ன நேரம் கொடு என்று கேட்டுத் தொடங்கிய சங்கம் அது! ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமா என்ற கேள்வி அங்கிருந்து நாடு முழுக்கப் பரவி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து முடிந்தது. இதற்கிடையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இதே கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

அடையாற்றிலிருந்து பெரம்பூருக்குப் போன அந்தச் சங்க யோசனை, அடையாற்று வீடுகளின் பின்வாசலுக்கு வரவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வீடுகளில் தண்ணீர் சேந்தியவர்களும், துணி துவைத்தவர்களும், குழந்தை தூக்கியவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959-லிருந்து நிற்கிறது. நான் மிகவும் மதிக்கும் கலைப்படைப்பு அது. பாறையைப் பெயர்க்கும் நான்கு பேரும் ஆண்கள். உழைப்பு என்றால் அந்த நாளில் மனக்கண்ணில் வந்த உருவம் அதுதான்.

அந்தக் காலப் பொருளாதார அறிஞர்களுக்கும் அப்படித்தான். மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954-ல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ஏழை நாடுகளில் தேவைக்கு மேல் ஆட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கு அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னவர்களில் சில்லறை வியாபாரிகள் உண்டு, சுமை தூக்குவோர் உண்டு, வீட்டு வேலையாட்களும் உண்டு. இவர்கள் எல்லாம் மெல்ல மெல்ல நவீனத் தொழில்களுக்குப் போய்விடுவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. பல தலைமுறை மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் அது பாதி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் நம்முடையது. நாட்டின் பெண் ஆலைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்த ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், திருப்பூர், ஓசூர் என்று வெளியே இருக்கின்றன. பெரம்பூர் ஆலை 1996-ல் மூடியேவிட்டது. நகரத்தின் நடுவில் வளர்ந்தவை கடை, ஓட்டல், அடுக்குமாடி, மருத்துவமனை, அலுவலகம். லூயிஸ் கரைந்துபோகும் என்று நினைத்த வேலைகள் இங்கே பெருகின.

தி. நகருக்கு வருவோம். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துக் குடியிருப்பாக்கிய ஊர் இது. தியாகராயச் செட்டியார் பெயர் வைத்தார்கள். பனகல் பூங்காவைச் சுற்றி அமைதியான வீடுகள் இருந்த இடம், இன்று ஆடி மாதத்தில் நடக்க வழியில்லாத கடைவீதி. மாம்பலம் ரயில் நிலையப் படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்திலிருந்தும், விழுப்புரம், திருவண்ணாமலைக் கிராமங்களிலிருந்தும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வந்தவர்கள். தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பதால் பெற்றோர் துணிந்து அனுப்புகிறார்கள். பெண் பிள்ளை பத்திரமாக இருப்பாள், தம்பி படிப்புக்கு மாதாமாதம் பணம் வரும் என்பது அந்த வீட்டின் கணக்கு.

சில வருஷம் முன்பு ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. புடவை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலின் பாதத்தை அந்தக் கெண்டைக்கால் மீது வைத்துத் தேய்த்துக்கொண்டே பேசினாள். சற்று நேரத்தில் காலை மாற்றினாள். புடவையை விரிக்கும் கை நிற்கவே இல்லை, முகத்தில் சிரிப்பும் குறையவில்லை. கீழே மட்டும் கால்கள் ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தன. "உட்காரக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "ஸ்டூல் இருக்குங்கம்மா, அந்தத் தூண் பக்கத்துல. ஆனா உக்காந்தா கேமராவுல தெரியும்" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், நாலு மாடி ஏறணும். அதனால மத்தியானம் வரைக்கும் குடிக்கிறதில்ல" என்றாள்.

ஸ்டூல் அங்கே எப்படி வந்தது என்று சொல்கிறேன். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி கடைப் பெண்களைச் சேர்த்துப் பெண்கூட்டு என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. பிறகு உட்கார இடம். 2018-ல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் உட்கார இருக்கை வேண்டும், வேலையின் நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது அதன் சாரம். இதே காரியத்துக்கு இங்கிலாந்தில் 1899-லேயே ஒரு சட்டம் வந்தது. மூன்று பெண் விற்பனையாளருக்கு ஒரு இருக்கை என்று அதில் கணக்கே சொல்லியிருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்க நூற்றிருபது வருஷம் கூடுதலாக ஆயிற்று.

சட்டம் வந்ததும் ஸ்டூல் வந்தது. உட்காரும் தைரியம் வரவில்லை. அது வர ஆய்வாளர் வர வேண்டும், ஆய்வாளரிடம் பேச அந்தப் பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும். விடுதியும் முதலாளியுடையது, சாப்பாடும் முதலாளியுடையது என்னும்போது வாயைத் திறந்தால் வேலையோடு படுக்கையும் போகும். ஆனாலும் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு முதலாளி என்று ஒருவர் இருக்கிறார். கடை இருக்கிறது, பலகை இருக்கிறது, சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. போராடினால் போய் மோதிக்கொள்ள ஒரு கதவாவது உண்டு. 2023 ஏப்ரலில் ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். கதவு இருந்ததால் தட்ட முடிந்தது.

எங்கள் தெரு அம்மாவுக்கு அந்தக் கதவு இல்லை. அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பிறந்தது பக்கிங்காம் கால்வாய்க் கரையில், எங்கள் தெருவிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். கரையோரக் குடிசைகளை எடுத்தபோது கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள். 2000-ல் தொடங்கிய குடியிருப்பு அது. கூவம், அடையாறு, கால்வாய் என்று நீர்க்கரைகளில் இருந்தவர்களைப் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னர் செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். ஆற்றங்கரையில் குடிசை போடுவது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை, வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் வீட்டைப் பெயர்த்தபோது வேலையைக் கூடவே பெயர்த்துக் கொடுக்க முடியவில்லை. வீட்டு வேலை என்பது நடந்துபோகும் தூரத்தில் மட்டுமே பிழைக்கும் வேலை. காலை ஆறரைக்கு ஒரு வீடு, எட்டுக்கு ஒரு வீடு, நடுவில் தன் பிள்ளைக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மீண்டும் ஒரு வீடு. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தூரம் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஆனதும் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துவிட்டது.

அவரோடு போன பல பெண்கள் மயிலாப்பூர், அடையாறு வீடுகளை விட்டுவிட்டார்கள். கொஞ்ச பேருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. சீருடை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. சம்பளம் கொடுப்பது மட்டும் காண்ட்ராக்டர். கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு அவர்கள் பெயர் தெரியாது. இன்னும் பலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். நகரத்துப் பெண்களில் வேலை பார்ப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்து 2023-24-லும் நூற்றுக்கு 28 பேர்தான் என்று கணக்கெடுப்பு சொல்லும்போது, ஏன் வரவில்லை என்று நாம் பண்பாட்டில் காரணம் தேடுகிறோம். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்பதில்லை. வீட்டில் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு ஒரு பெண் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம் என்று 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்லிற்று. அந்த ஐந்து மணி நேரத்தையும் முடித்துவிட்டுத்தான் அவர் பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டும்.

எங்கள் தெரு அம்மா விடவில்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, முதல் பஸ் பிடித்து வந்தார். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியபோது ஒரு வீட்டை விட்டார், ஏனென்றால் அந்த வீட்டுச் சம்பளம் பஸ்ஸுக்கே போயிற்று. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆணை வந்தது. அந்த வீட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டார். அதுதான் மூணாவது மாடி. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு இதில் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. தொழிலாளர் நலத் திட்டம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நான் அறிந்த மட்டில் இந்த ஊரின் ஏழைப் பெண்களுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய தொழிலாளர் நலத் திட்டம் அதுதான்.

சரி, கூலி? வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை. 2018-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அடிப்படை வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். தொகை சிறியது, அதுவும் பழையதாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், நாம் மணிக்கணக்கில் சம்பளம் கொடுப்பதே இல்லை. பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். விருந்தாளி நான்கு பேர் வந்தால் பாத்திரம் இரண்டு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு, சம்பளம் அதே. போக வர மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் நிற்பது எந்தக் கணக்கிலும் வராது. நம் வீடு சட்டத்தின் கண்ணில் நிறுவனம் இல்லை. ஆய்வாளர் வந்து சமையலறையை எட்டிப் பார்க்க முடியாது. 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென்று 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இவர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டாமா என்று பரிசீலிக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது இளைஞர்கள் பக்கம் வருகிறேன். வெங்கட்நாராயணா சாலையில் மரத்தடியில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, அடுத்த டெலிவரி ஆர்டருக்காகச் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரோடு ஒரு நாள் பேசினேன். பொறியியல் படித்தவர். விழுப்புரம் பக்கம். மூன்று நாளாக ஆர்டர் விழவில்லை, ஐடி பிளாக் ஆகியிருக்கிறது என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியல மேடம். கஸ்டமர் யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கணும். ஆப்ல டிக்கெட் போட்டிருக்கேன்." பேசுவதற்கு ஒரு ஆள், போய்ப் பார்ப்பதற்கு ஒரு அலுவலகம் இல்லையா என்றேன். அவர் செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் ஆங்கிலத்தில் அனுப்பிய ஐந்து செய்திக்கும் ஒரே பதில், ஒரே வாக்கியம், ஐந்து முறை வந்திருந்தது. இயந்திரம் அனுப்பியது.

பாட்டி இருந்திருந்தால் பாட்டியிடமே சொல்லியிருப்பேன் என்ற அம்மா எனக்கு அப்போது ஞாபகம் வந்தார். ஒருவர் எட்டாவது வரை படித்தவர், மற்றவர் பொறியாளர். இருவருக்கும் ஒரே நிலை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில்தான், இப்படிச் செயலி வழியாக வேலை பார்ப்பவர்களையும் குறிக்கும் கிக் தொழிலாளர் என்ற சொல் மத்தியச் சட்டத்தில் முதலில் ஏறியது. இதையும் சேர்த்து நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. அது நல்லது. ஆனால் கிக் தொழிலாளர் யார் என்று சொல்லும் இடத்தில், வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. முதலாளி இல்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வேறு பாதையில் போயிற்று. கட்டணத்தை நிறுவனம் முடிவு செய்கிறது, யாருக்கு ஓட்டம் கொடுப்பது என்பதும் அதன் கையில் இருக்கிறது, ஆகவே ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட நடைமுறையில் யார் யாரை ஆள்கிறார்கள் என்று அந்த நீதிமன்றம் பார்த்தது. நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கு நல வாரியம் வந்தது. தி. நகரிலும் அண்ணா நகரிலும் மாநகராட்சி குளிரூட்டப்பட்ட ஓய்வறை வைத்திருக்கிறது. வெயிலில் அலைகிற பிள்ளைக்கு உட்கார இடமும் கழிப்பறையும் கிடைத்தது பெரிய காரியம். இங்கேயும் அரசுதான் ஸ்டூல் போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். வேலை வாங்குகிறவர் போடவில்லை.

வடமாநிலத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேச வேண்டும், இன்று நேரமில்லை. ஓட்டலில் நாம் காபி குடித்த டம்ளரை எடுத்துப்போவது பீகாரையோ அசாமையோ சேர்ந்த பிள்ளை. 118.9 கிலோமீட்டர் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக நம் காலடியில் மண்ணைக் குடைந்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களே. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் எல்லாம் பூட்டியபோது இவர்களுக்குப் பொறுப்பு யார் என்று நாடு முழுவதும் தேடிப் பார்த்தோம். ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஊர்க்காரர் ஒருவர் என்று போய்ப் போய்க் கடைசியில் ஒருவரும் இல்லை.

இவ்வளவுக்கும் தீர்வு சட்டத்தில் மட்டும் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. சட்டம் வேண்டும், ஆய்வாளர் வேண்டும், சங்கம் கண்டிப்பாக வேண்டும். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் தொழிலாளரைப் பற்றிக் கவலைப்படும் வெளியாட்கள் இல்லை. நாம்தான் அந்த முதலாளிகள். அந்தச் சொல் நமக்குப் பிடிப்பதில்லை. வீட்டு வேலைக்கு வருபவரை வீட்டு மனுஷி மாதிரி என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம், நானும் சொன்னேன். வீட்டு மனுஷிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று யாரும் எழுதிவைப்பதில்லை. வீட்டு மனுஷிக்குப் பணிக்கொடை கிடையாது.

என் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, மகப்பேறு உதவி, விபத்து உதவி, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று பதிவு செய்தவர்களுக்குப் பல உதவிகள் உண்டு. அவர் ஒரு நாள் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து, வேலை பார்க்கிறார் என்று சான்று காட்ட என் கையெழுத்தைக் கேட்டார். வாங்கி அலமாரியில் வைத்தேன். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஏதாவது வழக்கு, வில்லங்கம் வருமோ என்ற பயம். முப்பது வருஷம் தொழிலாளர் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த எனக்கே அந்தப் பயம் வந்தது. ஏழு மாதம் அந்தத் தாள் என் அலமாரியில் கிடந்தது. அவர் இரண்டு முறை நினைவூட்டினார், அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாட்டி வீடு பூட்டப்பட்ட மறுவாரம் அவர் குழாயடியில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் போய் அலமாரியைத் திறந்தேன்.

கையெழுத்துப் போட்டேன். எந்த வழக்கும் வரவில்லை. அட்டை வந்தது. இப்போது அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருந்த பழைய பர்ஸில் வைத்திருக்கிறார். அதன் பிறகு எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுமுறை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், வேலையை நிறுத்துவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான பணம் என்று ஒரு தாளில் எழுதினோம். இரண்டு வீட்டார் சேரவில்லை. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வேலை பார்க்கும் பெண்களும் போட்டார்கள். ஒருவர் கைநாட்டு.

வாயில் பக்கத்து மேசையில் வாரியத்தின் விண்ணப்பப் படிவங்கள் அடுக்கி வைத்திருக்கிறோம். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வயதுச் சான்று, புகைப்படம், ஆதார் எல்லாம் அவர்களிடமே இருக்கும். வேலைச் சான்றுக்கு ஒரு பேனா போதும். மேசையருகே உட்கார்ந்திருப்பவர் எங்கள் தெரு அம்மாதான். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், அவரிடமே கேளுங்கள். கண்ணகி நகருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். அதனால் நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.